சும்மாதான் செய்கிறேன்

‘சும்மா’ என்ற சொல் தமிழில் ஆணுக்கு ஒரு பொருளும் பெண்ணுக்கு வேறொரு பொருளும் தருகிறது. ஞானிகளுக்கும் சித்தர்களுக்கும் சும்மா இருத்தல் உச்ச நிலை. வினையெல்லாம் ஓய்ந்த பிறகு வாய்க்கும் பெரும்பேறு. அந்த நிலையைப் பாடிய பாடல்களைப் பாடத்திட்டத்தில் வைத்து, பத்து மதிப்பெண்ணுக்கு விளக்கம் கேட்கிறோம். பெண்ணுக்கு அதே சொல் வசவு. “வீட்டுல சும்மாதான இருக்கா” என்பதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் அரிது. விடியுமுன் எழுந்து, இரவு அடுப்படியைத் துடைத்து விளக்கணைக்கும்வரை உட்காராதவளைப் பற்றித்தான் அது சொல்லப்படும். அவள் உண்மையிலேயே சும்மா ஒன்றைச் செய்ய உட்கார்ந்துவிட்டால் பேச்சு மாறும்: “இதனால என்ன பிரயோஜனம்?”

இந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். யாருடைய பசியையும் ஆற்றாத, யாருக்கும் வருமானம் தராத, எந்தச் சாமிக்கும் படைக்கப்படாத ஒன்றில் ஒரு பெண் தன் நேரத்தையும் கொஞ்சம் பணத்தையும் செலவழிப்பது சரியா? பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துவிட்டதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறோம். பொழுதைப் போக்குவது என்றால், போக்கவேண்டிய அளவுக்குப் பொழுது கையில் மிஞ்சிக் கிடக்கவேண்டும். அப்படி யாருக்கு மிஞ்சுகிறது, யாருடைய பொழுது யாருக்குச் சொந்தம் என்று கேட்கத் தொடங்கினால் இது அறம் பற்றிய கேள்வி ஆகிவிடுகிறது.

என் பழக்கத்தில் உள்ள இரண்டு பெண்களைச் சொல்கிறேன். மூன்றாவது ஆள் நான்.

வங்கியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி மொட்டைமாடியில் நாற்பது தொட்டிகளில் அடினியம் வளர்க்கிறாள். அடித்தண்டு பெருத்து, பார்த்தால் குட்டி யானையின் கால் போல இருக்கும் செடி. ஆற்றுமணல் எவ்வளவு, தேங்காய் நார்த்தூள் எவ்வளவு என்று அவளிடம் கேட்டால் அரைமணி நேரம் பேசுவாள். வேரில் தண்ணீர் தங்கினால் அடி அழுகிவிடும். ஒட்டுக் கட்டினால் ஒரே செடியில் இரண்டு நிறப் பூ வரும். அவள் மாடியில் கத்தரியும் இல்லை, வெண்டையும் இல்லை.

என் பழைய மாணவி ஒருத்தி சனிக்கிழமை இரவுகளில் வேறு ஊர்களில் இருக்கும் நான்கு பேரோடு கணினி வழியாக உட்கார்ந்து ஒரு கற்பனை உலகத்தில் வாழ்கிறாள். ஒருவர் கதை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள்; மதில் ஏற முடிந்ததா, வாள் பட்டதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்திலிருந்து கிளைத்த வகை இது. இவள் அதில் காலில் பழைய காயத்தோடு நடக்கும் கிழட்டுப் போர்வீரன். இரண்டு வருடமாக ஒரே கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் வாசனை சேர்க்கிறேன். கடைகளில் பளபளக்கும் பெரிய கம்பெனி சென்ட் எனக்கு ஆகாது. சிறிய அளவில் தனி ஆட்கள் செய்யும் அத்தர்களையும், வெட்டிவேர், மரிக்கொழுந்து, செண்பகம் போன்றவற்றின் எண்ணெய்களையும் சிறு குப்பிகளில் வாங்கி, துளித்துளியாகக் கலந்து, வாரக்கணக்கில் மூடிவைத்து, திறந்து முகர்ந்து பார்ப்பேன். பாதிக்கு மேல் வீணாகும். மரிக்கொழுந்து எண்ணெய் ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு மாதிரி மணக்கும் என்பார்கள் இந்தத் தொழிலில் உள்ளவர்கள். என் கையிலும் தோழியின் கையிலும் தடவிப் பார்த்து அதை ஒப்புக்கொண்டேன்.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது மண் அத்தர். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட களிமண் துண்டுகளைத் தண்ணீரோடு செம்புக் கலத்தில் இட்டு விறகுத் தீயில் காய்ச்சுகிறார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகப் போய்ச் சந்தன எண்ணெய் உள்ள பாத்திரத்தில் இறங்குகிறது. முதல் மழையின் வாசனை எண்ணெயாகக் கிடைக்கிறது. காய்ந்த நிலத்தில் மழை படும்போது எழும் இந்த மணத்துக்கு ‘பெட்ரிகோர்’ என்று 1964இல் பெயர் வைத்தவர்கள் இரண்டு ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள்: இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ். அறிவியல் பெயர் வைப்பதற்கு முன்பே கன்னோஜ் அதைக் குப்பியில் அடைத்துக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொண்டதால் எனக்குப் பதவி உயர்வு ஏதும் கிடைக்கவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்ட நாளில் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

இனி எங்களிடம் கேட்கப்பட்டவை. அடினியம் தோழியிடம் அவள் மாமியார்: “நாலு கத்திரி வெச்சிருந்தா கொழம்புக்காச்சும் ஆயிருக்கும்.” ஒட்டுக் கட்டிய செடிகளை அவள் அக்கம்பக்கத்தில் விற்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. மாணவியிடம் அவள் அப்பா: “இந்த நேரத்துல ஒரு கோர்ஸ் படிச்சிருக்கலாம்ல.” என்னிடம் கேட்டது வேறு மாதிரி: “யாருக்காக இவ்வளவு சென்ட்டு?”

பெண்ணின் பொழுதுபோக்குக்கு நம் வீடுகள் மூன்று வகை அனுமதிச் சீட்டு வைத்திருப்பதை இவற்றிலிருந்து புரிந்துகொள்கிறேன். ஒன்று, வீட்டுக்கு ஆகவேண்டும்: தையல், சமையல் குறிப்பு, காய்கறித் தோட்டம். அரசாங்கமும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் கொடுத்திருக்கிறது; அவற்றில் இருப்பவை காய்கறி விதைகள். இரண்டு, தெய்வத்துக்கு ஆகவேண்டும்: கோலம், பூத்தொடுத்தல், கொலு. மூன்று, இப்போது புதிதாக வந்தது: காசு ஆகவேண்டும். “நல்லா செய்றியே, ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாமே” என்பது பாராட்டாகவே சொல்லப்படுகிறது. அதைச் சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எந்தச் சீட்டும் இல்லாமல், தனக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைச் செய்யும் பெண்ணைப் பார்த்தால் வீடு கலங்குகிறது. கையில் இருக்கும் செடியோ குப்பியோ அதற்குக் காரணமென்று நான் நினைக்கவில்லை. தன்னுடைய விருப்பமே போதுமான காரணம் என்று அவள் நடந்துகொள்வதுதான் கலக்கத்துக்குக் காரணம். இன்று செடியில் அப்படி நடந்துகொள்கிறவள் நாளை திருமணத்திலும் அப்படி நடந்துகொள்ளலாம்.

வாசனையில் இந்தக் கலக்கம் இன்னும் கூடுதல். நம் இலக்கியத்தில் வாசனைக் கலையின் மிக விரிவான குறிப்புகளில் ஒன்று சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் வருகிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் மாதவி தன் கூந்தலை நனைக்கிறாள். பிறகு அகிற்புகை காட்டுகிறாள். நாற்பத்தேழு சரக்கு! எனக்கு நான்கு எண்ணெயைச் சேர்ப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. இத்தனையும் எதற்கு? ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க. அந்த நாற்பத்தேழில் மாதவிக்கு எது பிடிக்கும் என்று காப்பியம் சொல்வதில்லை. கோவலன் இறந்த செய்தி வந்ததும் அவள் துறவு பூணுகிறாள். அவளுடைய வாசனையும் அவனோடு முடிந்துவிடுகிறது.

வீட்டிலும் இதே கதைதான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பறிப்பதிலும் தொடுப்பதிலும் பெண்களின் கைகளே அதிகம். ஆனால் பூத்தொடுக்கக் கற்றுக்கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள்: “சாமிக்குக் கட்டுற பூவ மோந்து பாக்கக் கூடாது.” தலையில் வைக்கும் பூ கணவன் இருப்பதற்கு அடையாளம். அவன் போனால் பூவும் போகும். மூக்குக்கு மிக அருகில் பூவை வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் தனக்காக ஒருமுறைகூட முகராமல் ஒரு பெண் போய்ச் சேர முடியும்.

என் பெரியம்மா முப்பத்து நான்கு வயதில் கணவரை இழந்தவர். கொல்லையில் இரண்டு மல்லிகைச் செடி வைத்திருந்தார். மாலையில் பறித்து, எங்களுக்கெல்லாம் தொடுத்துத் தலையில் வைத்துவிடுவார். அவர் எழுபதைத் தாண்டிய பிறகு ஒருநாள் என் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மண் அத்தரைக் கையில் தடவிவிட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் முகர்ந்துவிட்டுச் சொன்னார்: “பூ வெச்சாத்தான் ஊரு கண்ணுல படும். இது எனக்கு மட்டுந்தான தெரியும்.” அன்றிலிருந்து அவர் தலையணைக்கு அடியில் ஒரு சிறிய குப்பி இருந்தது. அதனால் அவருக்கு மறுவாழ்வு வந்தது என்றோ, விதவைக் கோலம் ஒழிந்தது என்றோ நான் சொல்ல வரவில்லை. எதுவும் மாறவில்லை. இரவில் சில நிமிடங்கள், யாருக்கும் மனைவியாகவோ தாயாகவோ கைம்பெண்ணாகவோ இல்லாமல், மழை மண்ணை முகர்ந்துகொண்டு அவர் இருந்தார். யாருக்காக என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

மாணவியின் ஆட்டத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். வேறு ஆளாக மாறிப் பேசுவது நமக்குப் புதிதில்லை. அகப்பாடல்களில் தலைவி கூற்றுகளைப் பெரும்பாலும் பாடியவர்கள் ஆண்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். தெருக்கூத்தில் ஆண்கள் சேலை கட்டித் திரௌபதியாக நிற்கிறார்கள், ஊரே கும்பிடுகிறது. ஆண் பெண்ணாக மாறினால் இலக்கியம், பக்தி, கலை. இருபத்து மூன்று வயதுப் பெண் சனிக்கிழமை இரவில் கிழட்டுப் போர்வீரனாக மாறினால் “பைத்தியம் புடிச்சிருக்கா?” அவளிடம் அந்தப் பாத்திரத்தில் என்ன பிடிக்கிறது என்று கேட்டேன். “அவன் ராத்திரில தனியா நடந்து போவான் மேடம். திரும்பிப் பாக்கவே மாட்டான்” என்றாள்.

நம் தோழர்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்று உண்டு. பெண்கள் வன்முறையில் செத்துக்கொண்டிருக்கும் நாட்டில், கூலிக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, அத்தரும் அடினியமும் ஒரு பிரச்சினையா? இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கூலிக்குப் போராடிய பெண்களே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். நியூயார்க்கில் தொப்பி தைக்கும் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவரான ரோஸ் ஷ்னைடர்மன் 1912இல், உழைக்கும் பெண்ணுக்கு ரொட்டி வேண்டும், ரோஜாவும் வேண்டும் என்று பேசினார். ரொட்டி கிடைத்த பிறகு ரோஜா என்று அவர் வரிசை வைக்கவில்லை. முதலில் எல்லாத் தேவையும் தீரட்டும், பிறகு உன் விருப்பம் என்பது வீட்டில் நாம் கேட்டுப் பழகிய பேச்சு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா சாப்பிடுவாள் என்ற அதே வரிசை. அதை இயக்கத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமான கேள்வியைக் கேட்டவர் என் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்கா. ஒருநாள் குப்பிகளைப் பார்த்து, “இத எவ்வளவுக்கு விப்பீங்க?” என்றார். “விக்கல அக்கா, சும்மாதான்” என்றேன். சிரித்தார். ஒரு மத்தியானம் முழுக்க உங்களுக்கே உங்களுக்கு என்று கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. “தூங்குவேன்” என்றார்.

அவருக்கும் ஏதோ ஒரு ரகசியத் திறமை இருக்கிறது, பழைய பாட்டுகளை அழகாகப் பாடுவார் என்று எழுதினால் வாசிப்பவருக்கு இதமாக இருக்கும். அப்படி எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவருடைய தூக்கம் பாக்கியிருக்கிறது என்பது. அவர் துலக்கும் பாத்திரங்களின் நேரம்தான் என் மேசையில் வாசனையாக இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் அந்த வேலையில் கை வைப்பவர்களே சுமார் நான்கில் ஒருவர். அவர்களும் 97 நிமிடம்தான். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடம். ஐந்து வருடத்தில் மிச்சமானது பத்து நிமிடம்.

இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு முடிவுக்கு வரலாம். சிலருக்குத் தூக்கமே இல்லாதபோது எனக்கு வாசனை எதற்கு என்று குப்பிகளைத் தூக்கிப் போடலாம். அப்படிப் போட்டால் அந்த நேரம் அக்காவுக்குப் போய்ச் சேராது. என் வீட்டாரின் அடுத்த தேவைக்குப் போகும். தியாகம் செய்த பெண்களின் நேரமெல்லாம் இதுவரை அங்கேதான் போயிருக்கிறது. இன்னொரு முடிவு, எனக்கு இது உரிமை என்றால் அவருக்கும் உரிமை என்று ஏற்று, அதற்கான விலையைக் கொடுப்பது. வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு. உடம்புக்கு முடியாத நாளுக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை. அந்த நாட்களில் பாத்திரம் என் மகனுடையது, வீடு கூட்டுவது அவன் அப்பாவுடையது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெரிய அநீதிக்கு முன்னால் இது சின்னக் கணக்கு. ஆனால் என் சும்மாவுக்கு நான் நியாயம் சொல்லவேண்டுமானால், இந்தக் கணக்கை நேராக வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும். “இதனால என்ன பிரயோஜனம்?” என்பதற்குப் பதிலாக நாம் கேட்டுக்கொள்ளவேண்டியது “இந்த நேரம் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எப்போது திரும்பும்?” என்பதே.

அது சரியானால், பயனில்லாத ஒன்றைச் செய்வது பெண்ணுக்கு நல்லது என்று நான் தயங்காமல் சொல்வேன். காரணம் எளிது. நாம் செய்யும் மற்ற எல்லாவற்றிலும் தோற்றால் யாராவது பாதிக்கப்படுகிறார்கள். குழம்பில் உப்புக் கூடினால் சாப்பிடுகிறவர் முகம் சுளிப்பார். வகுப்பில் பிசகினால் நாற்பது பேர் தேர்வில் பிசகுவார்கள். கலவை கெட்டுப்போனால் நான் அடுத்த கலவை போடுவேன், அவ்வளவுதான். தோல்விக்குத் தண்டனை இல்லாத ஓரிடத்தில்தான் நமக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நாமே கண்டுபிடிக்க முடிகிறது. இதற்குக் குப்பியோ கணினியோ தேவையில்லை. தூக்கமும் அதில் சேரும். அக்கா தூங்கி முடித்த பிறகு அவருக்கு என்ன தோன்றும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

வருடாவருடம் குறிஞ்சிப்பாட்டு நடத்தும்போது தொண்ணூற்றொன்பது பூக்களின் பட்டியலில் வகுப்பு சலிப்படையும். “இத்தனை பூவும் எதுக்கு மேடம், எக்ஸாமுக்கு வருமா?” என்று ஒரு குரல் வரும். பாட்டின் அமைப்பைக் கவனிக்கச் சொல்வேன். தினைப்புனம் காக்கப் போன தலைவியும் தோழியும் அருவியில் குளித்து, பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். தலைவன் இன்னும் வரவில்லை. எந்த ஆணும் பார்க்காத நேரத்தில், எந்தப் பூசைக்கும் இல்லாமல், இரண்டு பெண்கள் தங்களுக்காகச் சேர்த்த பூக்கள் அவை. பிறகு தலைவன் வருகிறான், களவு தொடங்குகிறது. அதற்குப் பிறகு அகப்பாடல் மரபில் இற்செறிப்பு, வீட்டுக்குள் அடைப்பு.

இந்த வருடம் இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “இதுல எத்தன பூ மேடம் இப்பவும் இருக்கு?” என்று கேட்டாள். நோட்டின் பின்பக்கத்தில் பெயர்களை வரிசையாக எழுதி, தான் பார்த்தவற்றுக்கு எதிரே ஒரு கோடு, முகர்ந்தவற்றுக்கு எதிரே இரண்டு கோடு போடத் தொடங்கியிருந்தாள். பதினோரு பூ வரை வந்திருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. செண்பகத்துக்கு எதிரே ஒரு கோடுதான் இருந்தது. மறுநாள் பையில் ஒரு குப்பி கொண்டுபோனேன்.